பிலிமின் முதல் படம்

பின்வளவிலிருந்து உள்ளே தூக்கிவைத்திருந்த தொலைநோக்கியின் மேல் யாரோ கோட்டைக் கொழுவிவிட்டார்கள். கறுத்த, கனத்த, ஈரமான கோட்டு. அடுத்து வந்தவர் அதைப் பார்த்து, இந்த வீட்டில் கோட்டுக் கொழுவும் இடம் இதுதானென்று முடிவுசெய்து தன்னுடையதையும் போட்டார். மூன்றாமவர் தொப்பியைக் கழற்றிக் குழாயின் வாயில் கவிழ்த்துவிட்டு, கனகாம்பிகைக்கு முன்னால் கிடந்த கதிரையில் அமர்ந்து, "எப்பிடித் தங்கச்சி நடந்தது?" என்றார்.

கனகாம்பிகை தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழாய்க்குக் கிட்டப்போய் யாராவது மூச்சுவிட்டாலே ஏசுகிற மனிசன். வேலையால் வந்து இதைக் கண்டால் என்ன சொல்லுவார் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான், அவர் வேலையால் வரமாட்டார் என்பது வந்தது. விடிந்ததிலிருந்து இப்படித்தான். கார்க் கதவில் விரல் நசிந்தால் முதலில் ஒன்றும் தெரிவதில்லை, விரலைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவளுக்கு ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டியிருந்தது.

"அவவைக் கரைச்சல் படுத்தாதேங்கோ. நான் சொல்லுறன்," என்று தமையன் இரத்தினவேல் முன்னுக்கு வந்தார்.

இரத்தினவேல் றிச்மண்ட் ஹில்லில் இருந்து விடிய முதல் ஆளாக வந்தவர். பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். எந்த வீட்டு வரவேற்பறையிலும் முன்னால் ஒரு மைக் நிற்கிற தூரத்தை விட்டுத்தான் நிற்பார்.

"நேற்றுப் பின்னேரம். வளர்பிறை ஏகாதசி. மச்சான் வழமைபோல ஆராய்ச்சியில இருந்தவர். சந்திரனைப் பார்த்தபடியே... அப்பிடியே. கண்கூட மூடேல்லை."

காலையில் இதே கதையில் அவளுடைய கணவர் சச்சிதானந்தன் "வெளியில படம் எடுத்துக்கொண்டு" இருந்தார். கொஞ்சம் ஆட்கள் சேர்ந்த பிறகு "அவதானித்துக்கொண்டு" இருந்தார். மத்தியானம் யூனியன்வில்லில் இருந்து ஒரு டொக்டர் குடும்பம் வந்ததும் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

உண்மையில் சச்சிதானந்தன் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல் மூடிகளில் பிழை பிடிக்கிற வேலை பார்த்தவர். பின்னேரங்களில், பிக்கரிங்கில் தன் வீட்டுப் பின்வளவில் தொலைநோக்கியை வைத்து, அதன் பக்கத்தில் கமராவைப் பூட்டி, சந்திரனின் குழிகளையும் மலைகளையும் படம் எடுத்தார். இரண்டுக்கும் கண் ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். மூடியில் கீறல் கண்டால் கழித்துவிடுவார்கள், சந்திரனில் கீறல் கண்டால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நாசாவோடயும் தொடர்பு இருந்தது," என்றார் இரத்தினவேல்.

இருந்தது. சச்சிதானந்தன் ஒருமுறை சும்மா ஒரு சந்திரப் படம் கேட்டு எழுத, அவர்கள் ஒரு கலண்டரும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

"ம்," என்றார் தொப்பிக்காரர். தொலைநோக்கியைத் திரும்பிப் பார்த்து, எழும்பிப்போய், தன் தொப்பியை மரியாதையாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கனகாம்பிகை தமையனின் கதையில் எதையும் திருத்தவில்லை. திருத்தவேண்டிய இடம் ஒன்று இருந்தது. அவர் சந்திரனைப் பார்த்தபடி இருக்கவில்லை.

குசினியில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. செத்தவீட்டில் பிரேதம் எரியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. சாப்பாடு அயலிலிருந்து வந்துவிட்டது. ஆனால் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டும். தண்ணி கொதிக்கவைக்கிற மின்சாரக் கேத்தில் அடுப்போ இல்லையோ என்று இரண்டு பெண்கள் குரல் தாழ்த்தி வாதாடினார்கள். கடைசியில் வழக்கு இரத்தினவேலிடம் வந்தது. "நெருப்புக் கண்ணுக்குத் தெரியாட்டி அது அடுப்பில்லை," என்று அவர் தீர்ப்புச் சொன்னார். கேத்தில் கொதிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குக் கனகாம்பிகை திடுக்கிட்டு எழும்பினாள். நேற்றும் கேத்தில் கொதித்தது.

நேற்று அவள் வேலையால் வந்து குசினியில் நின்றபோது, பின்வளவுக் கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்து குளிரும் சச்சிதானந்தனின் தலையும் உள்ளே வந்தன.

"இஞ்சரும், ஒருக்கா வந்து நில்லுமன். புது பிலிம்."

இதற்கு என்ன அர்த்தம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சந்திரனைப் பிடித்த படம் பிலிமில் பெரும்பாலும் இருட்டு. கடையில் படம் கழுவுகிற மெசின், ஒரு படம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று இருட்டுக்குள் தேடி ஏமாந்துபோகும். ஏமாந்த மெசின் நடுவால் வெட்டும். சச்சிதானந்தனின் ஆகமுதல் பிலிம் அப்படித்தான் சந்திரனெல்லாம் பிளவுபட்டு வந்தது. அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. பிறகு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள்: முதல் படத்தை மட்டும் சாதாரணமாக, ஃபிளாஷ் போட்டு, வெளிச்சமாக எடு. மெசின் அதில் அளவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சரியாக வெட்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு பிலிமுக்கும் கனகாம்பிகை வேலியோரம் போய் நிற்பாள். ஃபிளாஷ் அடிக்கும். "சரி, நீர் போம்," என்பார். பிறகு கமரா சந்திரனுக்குப் போய்விடும்.

"உங்கட கத்தரிக்கோலுக்கு அடையாளம் வைக்கத்தானே நான்," என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அடையாளம் இல்லாட்டி சந்திரன் ரெண்டாப் போயிடுமெல்லோ," என்பார் அவர். அதில் என்ன குறை என்று உண்மையாகவே விளங்காத முகத்தோடு.

நேற்று அவள் போகவில்லை. காரணம் இரத்தினவேலின் மணிவிழா. போன கிழமை, மண்டபம் எடுத்து, மேளம் பிடித்து, இரத்தினவேல் தன் அறுபதாவது வயதை மாலையும் கழுத்துமாக ஏற்றுக்கொண்டார். படம் எடுக்கிற பொறுப்பு மச்சானுக்கு. மச்சான் கொஞ்சம் எடுத்தார். பிறகு காணவில்லை. கேக் வெட்டுகிற நேரம் கனகாம்பிகை தேடிக்கொண்டு போனால், மனிசன் கார் விடுகிற இடத்தில் நின்று, மண்டபத்துக் கூரைக்கு மேலே மறையப்போகிற மெல்லிய பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கை எல்லாருக்கும் முன்னாலை லைட் அடிக்குது. முகத்தில ஒரு நிழல் இல்லை. நிழல் இல்லாட்டி முகத்தில என்னத்தை எடுக்கிறது?" என்றார். முழுநிலவையும் அவர் அப்படித்தான் ஒதுக்கிவைத்திருந்தார். அது பாஸ்போட் படம் மாதிரியாம்.

அண்ணை அவளை நான்கு பேருக்கு முன்னால் வைத்துக் கேட்டார்: "உன்ர புருசன் எங்கை, சந்திரனுக்குப் போட்டாரோ?"

ஆகவே நேற்று, "நான் வரேல்லை," என்றாள் அவள்.

"குளிரெண்டால் கோட்டைப் போட்டுக்கொண்டு வாருமன்."

"குளிரில்லை. மனமில்லை. அண்ணையின்ர விசேஷத்தில நிக்க ஏலாத ஆளுக்கு நான் ஏன் வந்து நிப்பான்? உங்கட சந்திரனையே வந்து நிக்கச் சொல்லுங்கோ."

தலை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போய்விட்டது. கதவு மெதுவாகச் சாத்துப்பட்டது. அவர் ஒருநாளும் கதவை அடித்துச் சாத்துகிறவர் இல்லை, அதுவும் அவளுக்கு எரிச்சல்.

அவள் சிங்கில் கிடந்த கோப்பைகளைக் கழுவினாள். யன்னலுக்கு வெளியே பார்க்கக்கூடாது என்று கழுவினாள். தேத்தண்ணி ஊற்றினாள். அது ஆறி மேலே ஆடை படர்ந்தது. கதவைத் திறந்து, "தேத்தண்ணி ஆறுது," என்றாள். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த உருவம் அசையவில்லை. "கோவமெண்டால் அங்கேயே இருங்கோ," என்று சாத்திவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் இரண்டு கோப்பை கழுவினாள்.

மறுமுறை போனபோதுதான் தோளைத் தொட்டாள். கதிரை தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதைப் பார்த்து இல்லை, வீட்டைப் பார்த்துத் திருப்பியிருந்தது. கமராவிலிருந்து வருகிற, தள்ளி நின்று படமெடுக்கிற வயர் கையில் இருந்தது. பெருவிரல் இன்னும் பொத்தானின் மேலேயே. அம்புலன்ஸ்காரர்கள் வந்து அந்தக் கையைத்தான் முதலில் விரித்தார்கள். கமரா ஒருமுறை டிக் என்றது. அது ஒரு படம். அதை அவர் எடுக்கவில்லை.

*

"அம்மா, அப்பாவின்ர ஒரு போட்டோவும் இல்லை," என்றாள் நிசாந்தினி.

மகள் விடியவிலிருந்து மேல்மாடியில் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். பியூனரல் ஹோமில் வைக்க ஒரு படம் வேண்டும். அவளுக்கு ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் இருந்தது. கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் அலுவலகக் குரல்.

"கலியாணப் படம் இருக்கே."

"அதிலை அவருக்கு மீசை இருக்கு. ஆருக்கும் அடையாளம் தெரியாது. டிரைவர்ஸ் லைசென்சை பெருப்பிக்கலாம், he looks like a suspect though." அவள் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கட்டிலில் வைத்தாள். "ஆனா உங்களின்ர படம், like, ஆயிரம் கிடக்கு."

பெட்டி நிறைய வேலி. வேலிக்கு முன்னால் கனகாம்பிகை. பச்சைக் கோட்டில், மண்ணிறக் கோட்டில், மேலே அவருடைய ஜக்கெட்டைப் போர்த்தபடி, ஒருமுறை தலைக்கு மை பூசிய பிளாஸ்ரிக் உறையோடு. பனிக்குள்ளே, கத்தரிக்கன்றுகளுக்கு நடுவே. எல்லாம் ஒரே இடம், ஒரே ஃபிளாஷ்.

"எல்லாத்திலயும் ஏசிக்கொண்டு நிக்கிறீங்கள்," என்றாள் நிசாந்தினி. சிரிக்கத் தொடங்கி, பாதியில் அது வேறாகப் போனது. தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

கனகாம்பிகை மகளின் முதுகில் கையை வைத்தாள். கை தன்னுடையது போலத் தெரியவில்லை. "அது கடைக்காரனுக்கு எடுத்தது, பிள்ளை. வெட்டுற இடம் தெரியிறதுக்கு."

"அப்ப ஏன் வச்சிருக்கிறார்?"

அது அவளுக்கும் தெரியாது. அளவு பிடித்து முடிந்த படம், எறிந்திருக்கலாம்.

கீழேயிருந்து தமையன் கூப்பிட்டார். போனால், அவருடைய கையில் கமரா. அவருக்குப் பக்கத்தில் சங்கச் செயலாளர் அன்புராசா, இரத்தினவேல் ஒரு வசனம் சொல்லி முடித்தால் அதன் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்வதற்காகவே பிறந்தவர்.

"இதுக்குள்ளை பிலிம் இருக்கு, தங்கச்சி. மச்சான் கடைசியா எடுத்த சந்திரன். அதைக் கழுவி, பெரிசாக்கி, மண்டபத்தில பெட்டிக்குப் பக்கத்தில வைப்பம். சங்கம் அவருக்கு 'விண்ணியல் வித்தகர்' எண்டு பட்டம் குடுக்குது."

"குடுக்குது," என்றார் அன்புராசா.

இரண்டு வருஷத்துக்கு முன் சங்கத்தின் கலைவிழாவில் சச்சிதானந்தன் தன் சந்திரப் படங்களைத் திரையில் காட்டக் கேட்டிருந்தார். பிள்ளைகளின் நடனத்துக்கும் அதிர்ஷ்டச் சீட்டுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. கொப்பர்னிக்கஸ் என்ற பெரிய குழியில் நிழல் விழுகிற விதத்தை விளக்கத் தொடங்கிய நேரம் இரத்தினவேல் மைக்கை வாங்கி, கொத்துரொட்டி ஆறுகிறது என்று அறிவித்தார். அந்தப் படங்களுக்கு அன்றைக்கு வித்தகம் இருக்கவில்லை.

"அந்த பிலிம் வேண்டாம் அண்ணை," என்றாள் கனகாம்பிகை.

"ஏன்?"

அவளுக்குச் சொல்ல வாய் வந்தது. நான் போய் நிற்கவில்லை என்று. அறையில் இருந்த முகங்கள் எல்லாம் திரும்பின. "அதிலை... முதல் படம்..." என்றாள்.

"நீ ஒண்டும் யோசியாதை. எல்லாம் நாங்கள் பார்ப்பம்."

"பார்ப்பம்."

கார் போன சத்தம் கேட்டது. அவள் கதிரையில் இருந்து வேலியைப் பார்த்தாள்.

வேலியை எடுத்திருப்பார். ஃபிளாஷ் போட்டு வேலியை எடுத்திருக்கலாம்தானே. ஆள் நிற்கவேண்டும் என்று சட்டமில்லை, மெசினுக்கு வெளிச்சமான ஏதோவொன்று. பக்கத்து வீட்டு நாயை எடுத்திருப்பார். கதிரையை எடுத்திருப்பார். தன் சப்பாத்தையே எடுத்திருக்கலாம். மூடியில் தலைமயிரளவு கீறலைப் பிடிக்கிற மனிசன், இவ்வளவு வருஷப் பழக்கம், அவள் வராததற்காகப் பிலிமைப் பாழாக்குவாரா? மாட்டார். யாரோ வந்து கையைப் பிடித்து அழுதார்கள். அவளும் தலையாட்டினாள். நாயைத்தான் எடுத்திருப்பார். அந்த நாய் கூப்பிட்டால் வேலியோடு வந்து நிற்கும்.

வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மனிசன் போனது இன்னும் அவளுக்குள் இறங்கவில்லை, அதற்கு அவகாசம் இருந்தது. அந்தக் கடைசிச் சந்திரன்கள் முழுதாக வந்தால் போதும். ஒருமுறை போகாமல் விட்டதில் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று தெரிந்தால் போதும்.

*

இரத்தினவேல் திரும்பி வந்தபோது முகத்துக்கு முன்னால் அந்த மைக் இல்லை. உறையை மேசையில் வைத்தார்.

நிசாந்தினி முதலில் எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. "என்ன மாமா இது? They cut it wrong."

ஒவ்வொரு கடதாசியிலும் இரண்டு அரைச் சந்திரன்கள். இடது கரையில் ஒரு பாதி, வலது கரையில் மற்றப் பாதி, நடுவில் கறுப்பு. வெட்டுப்பட்ட பக்கங்கள் விளிம்போடு ஒட்டிக்கிடக்க, வளைந்த பக்கங்கள் நடுவை நோக்கியிருந்தன. ஒரே கட்டிலில் கோபித்துக்கொண்டு இரண்டு கரையிலும் படுத்து முதுகைக் காட்டுகிற ஆட்கள் போல.

"கடைப் பெடியன் மன்னிப்புக் கேட்டவன்," என்றார் அன்புராசா, சொந்தமாக ஒரு வசனம் கிடைத்த தயக்கத்தோடு. "எல்லாம் இருட்டாம். எங்கை தொடங்குது எண்டு மெசினுக்குத் தெரியேல்லையாம்."

கனகாம்பிகை கதிரையின் கையைப் பிடித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், கணவனை இழந்த பெண் கதிரையைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது.

"திருப்பிக் குடுங்கோ, திருப்பி அடிக்கலாம்," என்றாள் நிசாந்தினி.

"வெட்டினது வெட்டினதுதானாம், பிள்ளை. பிலிமையே வெட்டிப்போட்டான்."

இரத்தினவேல் ஒரு படத்தைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். மறுபடி தூரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக மைக் அவருக்கு முன்னால் திரும்பி வந்தது.

"பொறு," என்றார். "ஆர் சொன்னது பிழையெண்டு? இஞ்சை பார். இந்தப் பக்கம் வளர்பிறை. இந்தப் பக்கம் தேய்பிறை. நடுவில இருள். பிறப்பு, இறப்பு. நடுவில..." அவர் தேடினார்.

"இருள்," என்று அன்புராசா உதவினார்.

"மாமா, please," என்றாள் நிசாந்தினி.

"சும்மா இரு பிள்ளை. கொப்பரை உனக்குத் தெரியாது. அவர் ஒண்டும் யோசியாமல் செய்யிற ஆளில்லை."

*

பியூனரல் ஹோமில் பெட்டிக்கு இடதுபக்கம் குத்துவிளக்கு, வலதுபக்கம் மூன்று கால் பலகையில் அந்தப் படம், கதவளவு பெரிதாக. கீழே தங்க எழுத்தில் பட்டம். டிரைவர்ஸ் லைசென்ஸ் படம் சின்னதாக மேசையில், ஊதுபத்திகளுக்குப் பின்னால், சந்தேகநபரைப் போல.

வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி வந்து, பூப் போட்டு, படத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"ரெண்டு சந்திரன்?"

"அது விசேஷமான லென்ஸ் ஒண்டு. நாசாக்காரர் பாவிக்கிறது."

"ஓ."

ஐயர் சடங்குக்கு உரலில் சுண்ணம் இடிப்பித்தார், உலக்கை ஒன்றே இருந்ததால் அன்புராசா அதை முறைவைத்து ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்தார். போட்டோக்கொப்பித் தாள்களைப் பார்த்துத் தேவாரம் பாடினார்கள். பிறகு இரத்தினவேலுக்கு உண்மையான மைக் கிடைத்தது. வளர்பிறை, தேய்பிறை, பிறப்பு, இறப்பு எல்லாம் வந்தன. சிவபெருமான் தலையிலுள்ள பிறையும் வந்தது. சந்திரனிலுள்ள எரிமலைகளை மச்சான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிந்திருந்ததாகச் சொன்னார். எரிமலை இல்லை, கல் விழுந்த குழி என்று சச்சிதானந்தன் இதே மனிதருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் அவர் மறுக்கவில்லை. கனகாம்பிகை ஒருகணம், மறுப்பார் என்று பார்த்தாள்.

பலர் கண்ணைத் துடைத்தார்கள். பேச்சு நல்லதென்று பின்வரிசையில் யாரோ சொன்னது கேட்டது.

முன்வரிசையிலிருந்து அவள் படத்தைப் பார்த்தாள். வலதுகரையில் கொப்பர்னிக்கஸ் நடுவால் வெட்டுப்பட்டிருந்தது. நிசாந்தினி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கனகாம்பிகை அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "போய்ப் பார், கொப்பர் நிக்கிறார்," என்று அப்பாவைக் கூப்பிட வளவுக்கு அனுப்புவாள். இப்போது கரையில் பாதிதான் நின்றது.

"பாத்ரூம் போட்டு வாறன்," என்று மகளிடம் சொன்னாள்.

கோட்டுப் பையில் அந்த உறை இருந்தது. வீட்டு மேசையிலிருந்து எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கழுவுதொட்டியின் ஓரத்தில் வைத்துப் படங்களைப் புரட்டினாள். பாதியும் பாதியும். பாதியும் பாதியும். தண்ணீர்க் குழாய் ஒன்று தானாகத் திறந்து தானாக நின்றது. எல்லாவற்றுக்கும் அடியில், மற்றவர்கள் பார்க்க மினக்கெடாத ஒரு படம் கறுப்பாகக் கிடந்தது. அதில் கடைக்காரர் ஒரு மஞ்சள் ஒட்டுத்துண்டு ஒட்டியிருந்தார்கள்: வெளிச்சம் போதாது, அடுத்தமுறை ஃபிளாஷ் பாவிக்கவும்.

அவள் அதை வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்தாள். முழுவதும் கறுப்பில்லை. வலது விளிம்போடு, ஒரு மஞ்சள் கீலம். மேலிருந்து கீழாக, ஒரு விரல் அகலம். யன்னல். யன்னலின் பாதி. அந்தப் பாதி யன்னலுக்குள் ஒரு தோள், ஒரு முழங்கை, கொண்டையின் ஒரு பக்கம். தலை குனிந்திருந்தது. கையில் ஒரு கோப்பை.

நாயில்லை. வேலியில்லை. யன்னலுக்கு ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் தெறித்து ஆள் தெரியாமல் போகும், அதனால் ஃபிளாஷை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தினால் மெசினுக்குத் தெரியாமல் போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

யாரோ கதவைத் தட்டினார்கள். "அன்ரி, பெட்டி மூடப் போகினம். உங்களைக் கூப்பிடினம்."

"வாறன்," என்றாள். அவளுடைய குரல் வழக்கம்போலத்தான் வந்தது. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

எல்லாம் முடிந்து வீடு வந்தபோது பொழுது பட்டுவிட்டது. வாசலில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். அடுப்பு மூட்டத் தடை நீங்கியது. பெண்கள் இப்போதுதான் முறைப்படி அடுப்பில் கொதித்த தேத்தண்ணி ஊற்றினார்கள், கேத்தில் ஓரமாய்ப் போனது. இரத்தினவேல், செத்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாள் வெளியிடுகிற கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் அதே படத்தைப் போடலாமா என்று அன்புராசாவோடு ஆலோசித்தார். தொலைநோக்கியின் மேல் கோட்டுகள் மறுபடி ஏறியிருந்தன. இம்முறை கொஞ்சம் ஒழுங்காக.

"எங்கை அம்மா போறீங்கள்?" என்றாள் நிசாந்தினி.

"கதிரை வெளியில கிடக்கு. பனி கொட்டினால் வெடிச்சுப்போம்."

"நான் எடுக்கிறன்."

"நீ அந்தக் கோப்பையளைக் கழுவு."

பின்வளவில் புல்லு விறைத்துக்கிடந்தது. பக்கத்து வீட்டு நாய் வேலியோடு வந்து நின்று, அவளைப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று போய்விட்டது. சந்திரன் கூரைகளுக்கு மேலே ஏறியிருந்தது. ஏறக்குறைய முழுசு, ஒரு நிழல் இல்லை, படத்துக்கு உதவாது.

கதிரை விட்ட இடத்திலேயே, வீட்டைப் பார்த்தபடி நின்றது. கனகாம்பிகை அதைத் தூக்கக் குனிந்தாள். பிறகு அதில் இருந்தாள். பிளாஸ்ரிக்கின் குளிர் கோட்டுக்குள்ளால் ஏறியது.

எதிரே குசினி யன்னல் மஞ்சளாக எரிந்தது. உள்ளே நிசாந்தினி சிங்குக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றாள். தண்ணீர்ச் சத்தம் வெளியே கேட்கவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் இந்த இடம் இருட்டு, ஒரு ஆள் இருப்பது தெரியாது.

கனகாம்பிகை கூப்பிடவில்லை. நிசாந்தினி ஒரு கோப்பையைக் கழுவி, சீலையால் துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அடுத்த கோப்பையை எடுத்தாள்.